பேர் கெடாத பிள்ளைகள்

"உன்னாலதான் எல்லாம் கெட்டுச்சு" என்றான் கணவன், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல்.

பேங்கிலிருந்து வீடு வரும்வரை பைக்கில் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவளுக்கு, இது வரப்போகிறது என்று தெரியும். ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

மாமியார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "என்னடா பெரியவனே, லோன் குடுத்துட்டாங்களா?"

"எங்கம்மா குடுப்பாங்க? இவ கடன் ஸ்கோரப் பாத்துட்டு அந்த ஆபீசர் சிரிக்காத குறைதான்."

அது பொய். அந்த ஆபீசர் சிரிக்கவே இல்லை. சின்ன வயதுப் பெண். கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, பொறுமையாகத்தான் சொன்னாள். "சார், உங்க ஸ்கோர் பிரமாதம். ஆனா இந்த ஃப்ளாட்டுக்கு உங்க சம்பளம் மட்டும் போதாது. மேடம் சம்பளத்தையும் சேர்த்தா போதும். ஆனா அவங்க ஸ்கோர் இடிக்குதே."

"கிரெடிட் கார்டு கடனைக் கட்டி முடிச்சுட்டேனே மேடம். ஒரு பைசா பாக்கி இல்ல" என்றாள் இவள்.

"கட்டினது தெரியுது மேடம். அதுக்கு முன்னாடி கட்டாம விட்ட மாசங்களும் தெரியுது. அது உடனே அழியாது, சில வருஷம் நிக்கும். அதோட, கட்டி முடிச்ச கையோட கார்டையும் மூடிட்டீங்க. உங்க பேர்ல இருந்த ஒரே பழைய கணக்கு அதுதான். அதை வச்சிருந்து, கொஞ்சமா செலவு பண்ணி, தேதி தவறாம கட்டியிருந்தீங்கன்னா மெதுவா ஏறியிருக்கும்."

கார்டை மூடுவது அவள் யோசனை இல்லை. கடைசித் தவணை கட்டிய அன்று, "இந்தச் சனியனை இத்தோட தலைமுழுகு" என்றார் மாமியார். கணவன் பேங்குக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தான். கொழுந்தன் சின்னவன் கத்திரிக்கோலை எடுத்து கார்டை நான்காக வெட்டி, அதைப் போட்டோ வேறு எடுத்தான். அந்தக் கார்டில் பாதியைத் தின்றவன் அவன்தான் என்பது அன்றைக்கு ஒருவர் நினைவிலும் இல்லை.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கல்யாணமான புதிதில் கணவன்தான் அதைப் போட்டான். "நாளைக்கு வீடு வாங்கணும்னா என் பேர்ல ஒரு கீறல் இருக்கக் கூடாது. அதனால பெரிய செலவெல்லாம் உன் கார்டுல போகட்டும். பணத்த நான் குடுத்துடறேன்." மாமியார் அதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "பிள்ளைங்க பேர் கெடக் கூடாதும்மா." மருமகள் பேர் கெடலாமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றினால்தானே கேட்பார்கள்? வீட்டில் ஒரு பழைய துணி கிடந்தால் எல்லாக் கையும் அதில்தான் துடைக்கும்.

அப்படித்தான் மாமியாரின் பல் செட் அவள் கார்டில் வந்தது. சின்னவனின் லேப்டாப் வந்தது, பிரிட்ஜ் வந்தது, ஒரே வாரம் ஓடிவிட்டுத் துணி காயப்போடும் கொடியாக மாறிய சின்னவனின் உடற்பயிற்சி மெஷினும் வந்தது. முதல் சில மாதம் கணவன் பணம் கொடுத்தான். பிறகு, "இந்த மாசம் மினிமம் தொகை மட்டும் கட்டிடேன்" என்றான். பிறகு அதையும் சொல்லவில்லை. மினிமம் கட்டக் கட்டக் கடன் குறையாமல் வட்டி ஏறிக்கொண்டே போனது. குழந்தை பிறந்து, சம்பளமில்லாத லீவில் அவள் கிடந்தபோது மினிமமும் நின்றது.

"பேர் கெட்டுடுமேங்க" என்று அப்போது அழுதிருக்கிறாள்.

"பேருக்கு என்னடி? கட்டி முடிச்சா எல்லாம் சரியாயிடும்" என்றான் அவன். எத்தனை முறை கேட்டாலும் இதே பதில், அதுவும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் வேலை ஸ்கேன் சென்டரில், எக்ஸ்ரே எடுப்பது. லீவு முடிந்து திரும்பிய முதல் வாரமே வசூல்காரன் சென்டர் நம்பருக்கே கூப்பிட்டான். வரவேற்பில் இருந்த பெண் அத்தனை நோயாளிகள் முன்னால், "அக்கா, கார்டு பாக்கியாம்!" என்று உரக்கச் சொன்னாள். உள்ளே மார்பைப் பலகையில் ஒட்டி நின்ற பெரியவரிடம், "மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் படமெடுக்க மறந்துபோனாள். பாவம், அந்த மனுஷர் மூச்சை விடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு.

அன்றிலிருந்து சாயங்காலத்தில் இன்னொரு சென்டரிலும் வேலை பார்த்தாள். குழந்தை அவளை 'அம்மா' என்று கூப்பிடுவதற்கு முன்னால் பாட்டியை 'அம்மா' என்றது. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கட்டி முடித்தாள்.

இப்போது மாமியார், அவள் காசில் கட்டிய அந்தப் பல் செட் பளபளக்க, சொன்னார்: "ஒரு பொம்பள தன் பேரக் காப்பாத்திக்கத் தெரிய வேணாமா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரிட்ஜைக் காட்டிக் கத்தலாம், அந்த மெஷினைத் தூக்கி வாசலில் எறியலாம். குழந்தை தோளில் தூங்கத் தொடங்கியிருந்ததால் ஒன்றும் செய்யவில்லை.

சின்னவன் வேலையிலிருந்து வந்ததும் வழி பிறந்தது. பெட்ரோல் போடுவதற்கென்று அவனிடம் ஒரு கார்டு இருந்தது. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிவந்தான். ஏன் கட்டமாட்டான்? அவனுடைய மற்ற செலவெல்லாம்தான் அண்ணி தலையில் விடிந்ததே! அவன் ஸ்கோர் அண்ணனுடையதைவிட நன்றாக இருந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து விண்ணப்பித்தால் லோன் கிடைக்கும், வீடு இருவர் பேரிலும் இருக்கும். முன்பணத்துக்குக் கணவனின் சேமிப்பு இருந்தது. அவன் சம்பளத்தில் அவ்வளவு சேமிப்பு எப்படிச் சேர்ந்தது என்பதை யாரும் ஆராயவில்லை.

"தவணைதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான் கணவன், சோற்றைப் பிசைந்தபடி. "சின்னவன் அவனால முடிஞ்சதப் போடுவான். மிச்சத்துக்கு உன் சம்பளத்துல பாதியக் குடுத்துடு, போதும்."

"பத்திரத்துல என் பேர் வருமா?"

"அதான் உன் ஸ்கோர் சரியில்லையே! ஏறட்டும், அப்புறம் பாக்கலாம்."

"அண்ணி, நம்ம வீடுதானே, பேர்ல என்ன இருக்கு?" என்றான் சின்னவன்.

அவள் தண்ணீர்ச் செம்பை மேசைமேல் வைத்தாள். "என் பேர் ஆகாதுன்னா, அந்தப் பேர்ல வர்ற சம்பளமும் ஆகாது. ஃப்ளாட்டுக்குப் போற வரைக்கும் வாடகையும் குழந்த செலவும் எப்பவும் போல நான் பாத்துக்கறேன். தவணைக்கு என்கிட்ட வராதீங்க."

கணவன் சிரித்தான். மாதம் பிறந்தால் தானாக வழிக்கு வந்துவிடுவாள் என்ற சிரிப்பு அது. லோன் கைக்கு வந்தது, அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டார்கள், மாமியார் தெருவெல்லாம் இனிப்பு கொடுத்தார்.

அதே வாரம் அவள் சென்டர் இடைவேளையில் அந்த ஆபீசர் பெண்ணிடம் தனியாகப் போனாள். கையிலிருந்த கொஞ்சத்தை டெபாசிட் போட்டு, அதன்மேல் சின்னதாக ஒரு கார்டு வாங்கிக்கொண்டாள். பஸ் பாஸ், குழந்தைக்கு மருந்து, அவ்வளவுதான் அதில் செலவு. பில் வந்த அன்றே முழுசாகக் கட்டினாள். கார்டு சென்டரில் அவள் பீரோவுக்குள் இருந்தது; வீட்டில் ஒரு கத்திரிக்கோல் இருப்பதை அவள் மறக்கவில்லை.

முதல் இரண்டு தவணை எப்படியோ போயிற்று. மூன்றாவது மாதம் சின்னவன் புது போன் வாங்கிவிட்டு, "அண்ணே, இந்த மாசம் நீயே பாத்துக்க" என்று கை விரித்தான். தவணைத் தேதி தாண்டியது. காலையில் அவள் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கணவனின் போன் அடித்தது. எடுத்துப் பேசியவனின் குரல் போகப்போக இறங்கியது. "ஆமா சார்... என் பேர்லதான்... ஆபீசுக்கு மட்டும் போன் பண்ணாதீங்க சார், ப்ளீஸ்."

போனை வைத்துவிட்டு அவளிடம் வந்தான். இப்படி முகம் வெளுத்து அவனை அவள் பார்த்ததே இல்லை.

"இந்த ஒரு மாசம் குடுத்துடேன்டி. தவணை நின்னா ஸ்கோர் போயிடும். என் பேர் கெட்டுடும்."

மாமியாரும் எழுந்து வந்து நின்றார். "பிள்ளை பேர் கெடலாமாம்மா?"

அவளுக்கு ஒரு கணம் அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். சூடு ஆறாத சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டாள்.

"பேருக்கு என்னங்க?" என்றாள். "கட்டி முடிச்சா எல்லாம் சரியாயிடும்."