ஒன்பது நாள் சேறு

கிளோதில்ட் அண்ணி வியாழக்கிழமை கொதி ஏரிக்குப் போகப்போவதாகச் சொன்னபோது என் அண்ணன் ஹிலேர் முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான். அந்தக் கோபம்தான் எனக்குப் புரியவில்லை.

ஹிலேர் எங்கள் தீவின் மலையடி ஊரான ஃபோன் மாப்பூவில் வழிகாட்டி. ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குகிறவர்களை மலை ஏற்றி, கந்தகப் பள்ளத்தாக்கில் இறக்கி, அதற்கப்பால் எரிமலையின் வாய்க்குள் கொதித்துக்கொண்டிருக்கும் ஏரியைக் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார்கள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு கட்டிக்கொடுப்பது அண்ணி. பொரித்த ரொட்டியைப் பிளந்து நடுவில் உப்புமீன் வதக்கல், கூடவே அவித்த வாழைக்காயும் ஒரு துண்டு ஈரப்பலாவும். இருபத்திரண்டு வருஷமாக அவள் கட்டிய பொட்டலங்கள் அந்த ஏரிக்கரையில் அவிழ்ந்துகொண்டிருந்தன. அவள் மட்டும் ஏரியைப் பார்த்ததில்லை. ஊரில் எந்தப் பெண்ணும் பார்த்ததில்லை, நானும்தான். போகக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அடுப்பையும் துணியையும் விட்டுவிட்டு ஒரு பகல் முழுக்க மலையில் நடக்க எங்களுக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

காரணத்தைக் கொண்டுவந்தது ஒரு கனடாக்காரப் பெண். திங்கட்கிழமை காலையில் பொட்டலத்தை வாங்கும்போது, ஏரி பார்க்க எப்படி இருக்கும் என்று அண்ணியிடம் கேட்டாள். அண்ணி பதில் சொல்வதற்குள் டெல்மோர் முந்திக்கொண்டான். அவனும் வழிகாட்டி, ஹிலேரைவிட இருபது வயது சின்னவன், வாய் நீளம்.

"அவங்ககிட்டப் போய்க் கேக்குறீங்களே. அவங்களுக்குத் தெரிஞ்ச கொதி ஏரி அடுப்பு மேல இருக்கிற குண்டான்தான்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹிலேரும் சிரித்தான். அண்ணி கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, வியாழக்கிழமை சமையல் கிடையாது என்றும், தான் மலைக்குப் போவதாகவும் சொன்னாள். ஐம்பத்தாறு வயது, கனத்த உடம்பு, இடது முழங்கால் மழைக்கு முன்னாலேயே வலிக்க ஆரம்பித்துவிடும். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தோம்.

அன்று சாயங்காலமும் அவள் அதையே சொன்னபோது ஹிலேரின் முகம் மாறியது. மழைக்காலம் இப்போதுதான் முடிந்தது, பாதை வழுக்கும், அடுத்த மாதம் தானே கூட்டிப்போகிறேன் என்றான். இருபத்திரண்டு வருஷமாக அடுத்த மாதம் வரவில்லையே என்றாள் அவள். அவன் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே போனான். மறுநாள் அவள் மற்ற வழிகாட்டிகளைக் கேட்டாள். ஒருவன் விடாமல் எல்லோரும் மறுத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு மறுத்தார்கள்.

"பாதை இருக்குல்ல?" என்று அண்ணி என்னிடம் கேட்டாள். "அப்புறம் எதுக்கு வழிகாட்டி? எர்மா, நீ வர்றியா?"

தைரியத்தில் நான் சரி என்று சொல்லவில்லை. அவள் விழுந்து கிடந்தால் ஊருக்கு வந்து சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்றுதான் போனேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். இருவர் காலிலும் பிளாஸ்டிக் செருப்பு, ஒரு பை, ஒரு தடி. முதல் ஒரு மணி நேரம் காட்டுக்குள் மரக்கட்டைப் படிகள். அண்ணி நூறு படிக்கு ஒருமுறை நின்று, யாரையோ திட்டுவதுபோல மூச்சு விட்டாள். ஓடையைத் தாண்டியதும் மலை செங்குத்தாக நிமிர்ந்தது. மேகம் எங்களுக்குக் கீழே போயிற்று, காற்று பாவாடையைப் பிடித்து இழுத்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஹிலேர் தன் ஆறு பேரோடு எங்களைப் பிடித்துவிட்டான். டெல்மோர் ஒரு ஜோடியைக் கூட்டிக்கொண்டு ஏற்கெனவே எங்களைத் தாண்டிப் போயிருந்தான்.

ஹிலேர் எங்கள் தீவு மொழியான கிரியோலில் பேசினான், கூட வந்தவர்களுக்குப் புரியக்கூடாது என்று.

"கிளோதில்ட், இத்தோட போதும். இங்க இருந்தே பாத்துட்டுத் திரும்பு. கெஞ்சிக் கேக்குறேன்."

"கெஞ்சுறியா? அப்ப அங்க என்னமோ இருக்கு."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததைப் பாக்கத்தான் இத்தனை பேரு வர்றாங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தங்கையாக இருந்தும் அவனுக்கு உதவவில்லை, தடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் தன் கூட்டத்தை வேகமாக நடத்திக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

கந்தகப் பள்ளத்தாக்கில் இறங்கும் இடத்தில் அண்ணி பாதித் தூரம் உட்கார்ந்தே வழுக்கி வந்தாள். கீழே ஒரு புல்கூடக் கிடையாது. வெள்ளை, மஞ்சள், துரு நிறப் பாறைகள். ஓர் ஓடை பால்போல, அடுத்தது மை போல, இரண்டிலும் கை வைக்க முடியாத சூடு. தரையின் ஓட்டைகளிலிருந்து ஆவி சீறியது. அண்ணி கழுத்திலிருந்த வெள்ளிச் சிலுவை அரை மணி நேரத்தில் கறுத்துப்போனது. அவள் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். வலியெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது போலிருந்தது. இதைப் பாக்காமலே இத்தனை வருஷம் வீணாப் போச்சே எர்மா என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

கடைசி மேட்டில் ஏறும்போது எனக்கு ஏதோ குறைவதாகப் பட்டது. ஏரிக்கு நூறு அடி தள்ளியே இரைச்சல் கேட்கும், ஆவி முகத்தில் அடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அங்கே சத்தமே இல்லை. ஹிலேரின் குரல்தான் ஆங்கிலத்தில் கேட்டது.

"இன்னைக்குக் காலையிலதான் தண்ணி இறங்கியிருக்கு. யாருக்கும் கிடைக்காத காட்சி. உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்."

விளிம்பில் போய் நின்றோம். ஏரி இல்லை. சுற்றிலும் செங்குத்துப் பாறை, நடுவில் பெரிய குழி, அடியில் சாம்பல் நிறச் சேறு. ஒரு மூலையில் மட்டும் குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணீர் மெதுவாகக் குமிழி விட்டது. பாறையில் கட்டிய ஒரு கயிறு குழிக்குள் இறங்கியது. கீழே டெல்மோரும் அந்த இளம் ஜோடியும். அவர்கள் கேமராவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் பேசினாள்.

"இன்னைக்குக் காலையிலயா ஹிலேர்? போன வாரம் செவ்வாய்க்கிழமையில இருந்து உன் கால்சட்டையில முழங்கால் வரைக்கும் இந்தச் சேறு. ஒன்பது நாளா நான்தான் கல்லுல அடிச்சுத் துவைக்கிறேன்."

"வாய மூடு" என்றான் அவன் கிரியோலில். "வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுலயா? ஒன்பது நாளா வீட்டுலதானே சாப்பிட்ட, தூங்கின. ஒரு வார்த்தை சொன்னியா?"

அப்போதுதான் அவள் கண்ணில் பறவைகள் பட்டிருக்க வேண்டும். குழியின் ஆழமான பக்கத்தில், சேற்றின் மேல், மூன்று சின்னப் பறவைகள் சிறகை விரித்தபடி கிடந்தன. காயம் எதுவும் தெரியவில்லை. ஏரி இறங்கினால் பள்ளத்தில் கெட்ட காற்று தேங்கும், நிறமும் மணமும் கிடையாது, ஆளை உட்காரவைத்து ஒரேயடியாகத் தூங்கவைத்துவிடும் என்று ஊரில் எல்லோரும் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள்தான். வழிகாட்டிகளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

அண்ணி கயிற்றருகே போய்க் குனிந்து, மேலே வாங்க, அங்கே காற்று சரியில்லை, செத்துக் கிடக்கும் பறவைகளைப் பாருங்கள் என்று கத்தினாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். டெல்மோர் கையை ஆட்டினான்.

"ஒண்ணும் ஆகாதும்மா, நாங்க தினமும் இறங்குறோம்" என்றான். ஆங்கிலத்தில்.

தினமும் என்ற அந்த ஒரு வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்தது. ஹிலேர் கூட்டிவந்த ஆறு பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஆனால் கயிற்றைப் பிடித்து அந்த ஜோடியை மேலே இழுத்தவன் அவன்தான். அந்தப் பெண் வெளுத்துப்போயிருந்தாள். தலை வெடிக்கிறது என்றாள், பாறை ஓரமாக வாந்தி எடுத்தாள். அண்ணி அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெதுவாக இழுக்கச் சொன்னாள். அரை மணி நேரத்தில் அவளுக்குச் சரியாகிவிட்டது. டெல்மோரும் நெற்றியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்தேன். கடைசியாக ஏறியவன் அவன்.

ஊர் திரும்பும்போது அண்ணியின் முழங்கால் பப்பாளி அளவு வீங்கிவிட்டது. அன்று இரவு அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் விடிந்ததும் ஜீப்புகள் வந்து நிற்கும் பாதை முகப்பில் அவள் தடியோடு நின்றாள். இறங்கிய ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஏரி வற்றிவிட்டது, வெறும் குழிதான் இருக்கிறது. போகிற வழி அழகானது, விருப்பம் இருந்தால் போங்கள். குழிக்குள் மட்டும் இறங்காதீர்கள், யார் இறங்கச் சொன்னாலும்.

பாதிப் பேர் திரும்ப ஜீப்பில் ஏறினார்கள்.

மதியம் வழிகாட்டிகளில் ஏழு பேர் அவள் சமையலறை வாசலுக்கு வந்தார்கள். பேசியது ஹிலேர். இந்த நான்கு மாதம்தான் ஊருக்கு வருமானம், மற்ற மாதமெல்லாம் மழைதான் என்று அவளுக்குத் தெரியாதா என்று கேட்டான்.

"ஊர்ச் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்ட."

"மண்ணு விழுந்தா சோத்தைக் கழுவிடலாம். அந்தப் பொண்ணு செத்திருந்தா எதைக் கழுவுவ? இத்தனை நாளும் நான் கட்டின பொட்டலத்தோடதான் ஆளுங்க அந்தக் குழிக்குப் போயிருக்காங்க. கயிறு இருக்கிற வரைக்கும் என் அடுப்புல இருந்து ஒரு ரொட்டி வராது."

அவர்கள் பக்கத்து ஊரில் பொட்டலம் கட்டச் சொன்னார்கள். டெல்மோரின் மனைவி கடையில் அண்ணியைப் பார்த்து, மலை ஏறினதும் மகாராணி ஆயிட்டாங்க என்றாள். அண்ணி உப்பு வாங்கிக்கொண்டு, அவளிடம் அவள் கணவனின் தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிறகு கேள்விப்பட்டோம், டெல்மோர் நான்கு நாளாக வேலைக்கே போகவில்லையாம்.

ஹிலேர் துணிமணியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டான். பதினொரு நாள் தங்கினான். என் சமையலைக் குறை சொன்னான். நான் அவனுக்குச் சாதகமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதில் அவனுக்கு அதைவிட வருத்தம். அந்த மூன்று பறவைகளையும் நீ பார்த்தாயா இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். பார்த்தேன் என்றான். முதல் நாளே பார்த்தேன் என்றான். அதைச் சொன்ன பிறகு தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் காலை நான் பாதை முகப்புப் பக்கம் போனபோது அவன் அங்கே இருந்தான். அண்ணி ஒரு பக்கம் நின்றாள், அவன் பத்தடி தள்ளி நின்றான். ஜீப் வந்து நின்றதும், அவள் வாயைத் திறப்பதற்கு முன் அவன் பேசினான்.

"ஏரி கிடையாது. குழிதான் இருக்கு. இறங்க விடமாட்டேன். வர்றவங்க வாங்க."

எட்டுப் பேர் வந்திருந்தார்கள், ஐந்து பேர் அவனோடு போனார்கள். அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், நேராகத் தன் வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்டதாக அண்ணி சொல்லவில்லை. ஆனால் அவன் சேற்றுக் கால்சட்டையை அவள் அன்றோடு துவைப்பதை நிறுத்திவிட்டாள், அவனே துவைத்துக்கொண்டான்.

ஏப்ரல் கடைசியில் தண்ணீர் திரும்பியது, ஒரே வாரத்தில் பழையபடி கொதிக்க ஆரம்பித்தது. ஹிலேர் அவளைக் கூட்டிப்போவதாகச் சொன்னான். எனக்கு வழி தெரியும் என்றாள் அவள். மே மாதம் நாங்கள் ஆறு பெண்கள் போனோம். டெல்மோரின் மனைவி கூட வந்தாள், போகும்போதும் வரும்போதும் புலம்பிக்கொண்டே.

இந்தத் தடவை இரைச்சல் மேட்டுக்குக் கீழேயே கேட்டது. விளிம்பில் ஒரே ஆவி, வெள்ளைச் சுவர் மாதிரி. எதுவும் தெரியவில்லை. "வெறுங்குழியா இருந்தப்பவாவது எல்லாம் தெரிஞ்சுது" என்றாள் அண்ணி. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், கொண்டுபோனதைத் தின்று முடித்தோம். பிறகு காற்று திரும்பியது. ஆவி ஒரு பக்கமாக விலகி, நீலமும் சாம்பலும் கலந்த தண்ணீர் நடுவில் ஆள் உயரத்துக்குப் பொங்கிப் பொங்கி விழுவது தெரிந்தது. அண்ணி விளிம்பின் ஓரத்தில் போய் நின்றாள்.

எங்களுக்குப் பின்னால் வேறு ஊர் வழிகாட்டி ஒருவன் பத்துப் பேரோடு வந்து சேர்ந்தான். ஆவி மறுபடி மூடுவதற்குள் படம் எடுக்க வேண்டும், அம்மா கொஞ்சம் தள்ளி நின்றால் நல்லது என்றான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நில்லு" என்றாள். "நான் இன்னும் பாத்து முடிக்கல."