மார்சேய்த் தோஹு

என் ஓரகத்தி ருக்சானாவை எனக்குப் பிடிக்காது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, அவளிடம்கூட. துபாயில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்குச் சமைக்கப் போய், அவர்களோடு மார்சேய் என்ற துறைமுக ஊருக்கும் போய், ஆறு வருஷம் கழித்துத் திரும்பியவள். வந்த நாளிலிருந்து ரங்கூன் பசுந்தாங்கில் இருக்கிற எங்கள் வீட்டு அடுப்படியில் ஆலிவ் எண்ணெய் பாட்டில் வைத்ததுதான் சட்டம்.

அந்த அடுப்படி பதினொரு வருஷமாக என்னுடையது. விடிகாலையில் கரி அடுப்பை மூட்டி, கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, கை அசரக் கிண்டி, தட்டில் ஊற்றி ஆறவைப்பேன். இறுகியதும் அதுதான் தோஹு. பத்து மணிக்கு டீக்கடை ராமையா அண்ணன் வந்து எடுத்துப் போவார். கடையில் வெட்டிப் பொரித்துப் புளித்தண்ணீரோடு கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் மவுத்தான பிறகு நான் யார் கையையும் எதிர்பார்க்காமல் நிற்பது அந்தத் தட்டை வைத்துத்தான்.

ருக்சானா வாரத்தில் மூன்று நாள், பணக்காரப் பர்மியப் பெண்களுக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து வீட்டுச் சமையல் சொல்லிக் கொடுக்கிறாள். அது போதவில்லை. தினமும் விடிந்ததிலிருந்து அடுப்படி தனக்கு வேண்டும், என் கரி அடுப்பு சுவரைக் கறுப்பாக்குகிறது, அதைத் தூக்க வேண்டும் என்று நச்சரித்தாள். வீடு அவள் புருஷன் ஜாபிர் மச்சான் பேரில். புதன்கிழமை வகுப்பு நன்றாக நடந்து, வருகிறவர்கள் தினமும் வரச் சம்மதித்தால் அடுப்படி ருக்சானாவுக்கு என்று அவர் சொல்லிவிட்டார். என் அடுப்பை நான் மாடிப்படியிலா வைப்பது?

புதன் காலை மாவு வாங்கி வரும்போது கீழே புதுத் தாள் ஒட்டியிருந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் முறை மாறிவிட்டது. பத்து மணிக்குப் போவது இனி ஒன்பதுக்கே போகும். ருக்சானா கரியைத் தொடமாட்டாள், எல்லாம் கரண்ட் அடுப்பு. ஏதாவது ஒட்டியிருக்கிறார்களா என்று அவளே கேட்டாள்.

"ஒண்ணுமில்லே லாத்தா," என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

நான்கு பெண்கள் வந்தார்கள். அன்றைய பலகாரத்தின் பேர் பனீஸ். ருக்சானா கடலைமாவைத் தண்ணீரில் கரைத்தாள், அடுப்பில் வைத்துக் கிண்டினாள், கூடவே சரித்திரம் சொன்னாள். தக்காளி அந்தக் கரைக்கு நேற்று வந்த மாதிரி, அமெரிக்காவிலிருந்து. கொண்டைக்கடலைதான் ஆதி, துருக்கிப் பக்கத்தில் முதலில் விளைந்து கப்பலேறி ஊர் ஊராகப் போனது. சிசிலியில் அரபுகள் விட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். ஜெனோவாவில் அடையாகச் சுடுகிறார்கள். மார்சேயில் மூட்டை தூக்குகிறவர்கள் காகிதத்தில் மடித்து வாங்கித் தின்றது. எல்லாரும் போனில் எழுதிக்கொண்டார்கள். இந்த ஊரில் அதே கடலைக்குக் கலாப்பே என்று பேர். பே என்றால் பருப்பு, கலா என்றால் இந்தியாவிலிருந்து வந்த நாங்கள், அதுவும் மரியாதை இல்லாமல் சொல்வது. அதை அவள் சொல்லவில்லை.

நான் எண்ணெய் வாங்கும் சாக்கில் கீழே இறங்கினேன். சரியாக ஒன்பதுக்குத் தெரு முழுக்கக் கரண்ட் போனது. அவள் மாவு பாதி வேக்காட்டில் கட்டி தட்டி நிற்பதை நினைத்துப் படியிலேயே சிரித்தேன். அவசரம் இல்லாமல் நடந்து, நாலு கடை விசாரித்து, அரை மணி கழித்து ஏறினேன்.

மேலே பொரிக்கிற வாசனை. அவளுடைய சட்டி கட்டி கட்டியாகப் பச்சை வாடையோடு மூலையில் கிடந்தது. என் கரி அடுப்பில் மீதியிருந்த தணலை ஊதி எழுப்பியிருந்தாள். சன்னலோரம் ஆறவைத்த என் தட்டில் பாதி காலி. கூடத்தில் அந்தப் பெண்கள் விரல் விரலாக வெட்டிப் பொரித்ததை மிளகுத்தூள் தூவித் தின்றுகொண்டிருந்தார்கள். டாவ் ஏ ஏ என்பவர், அவர்களில் மூத்தவர், கண்ணை மூடிக்கொண்டு, ஐரோப்பாவே வாயில் இருக்கிறது, தினமும் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் புரியட்டும் என்று பர்மியத்திலேயே சொன்னேன்.

"அது தோஹு. விடிகாலையில நான் கிண்டினது. டீக்கடைக்குப் போக வேண்டியது."

டாவ் ஏ ஏ கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டார். "தெருவில் விற்கிற தோஹுவா?" என்று கேட்டார். ருக்சானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், யாரும் கேட்கவில்லை. ஐந்தே நிமிஷத்தில் நான்கு பேரும் படியிறங்கிவிட்டார்கள். அவளை அவமானப்படுத்தத்தான் சொன்னேன். டாவ் ஏ ஏ துடைத்துப் போட்டது என் பதினொரு வருஷத்தை.

பத்து மணிக்கு ராமையா அண்ணன் வந்தார். பாதித் தட்டைப் பார்த்தார். இந்த வகுப்பால் தட்டு குறைவது இந்த மாதத்தில் இது இரண்டாவது தடவை. அவர் சத்தம் போடவில்லை, தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். காலை வியாபாரம் காத்திருக்காது, நாளையிலிருந்து வேறு ஆளிடம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். நான் கெஞ்சினேன். படி பாதி வரை கூடவே இறங்கிக் கெஞ்சினேன்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்த ஜாபிர் மச்சான் விஷயத்தைக் கேட்டு, ருக்சானாவை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டார். வகுப்பு இனி வேண்டாம், அடுப்படி மைமூனுக்கே என்றார்.

எனக்கே. கரி அடுப்பு, சட்டி, துடுப்பு எல்லாம். கிண்டினால் வாங்க ஆள்தான் இல்லை.

ருக்சானா அழுவாள் என்று பார்த்தேன். அவள் தன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். எண்ணெய் பாட்டிலை மூடினாள். போகிற போக்கில் என் தட்டிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, நின்று மென்றாள்.

"உப்பு கம்மி," என்றாள். "கீழ ஒட்டியிருந்த தாளை, அவங்க பின்னாலேயே இறங்கினப்ப நானும் படிச்சேன்."

அவள் போன பிறகு நானும் ஒரு துண்டு எடுத்துத் தின்று பார்த்தேன். கம்மிதான்.