உட்காரச் சொல்ல மறந்த கொள்கை

தேசியப் பண்பாட்டுக் கொள்கை அச்சாகி வெளிவந்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணியிலிருந்து தையல்காரரால் உட்கார முடியவில்லை. முழங்கால் மடங்கும், இடுப்பு தாழும், நாற்காலிக்கு நான்கு விரல் மேலே அப்படியே நின்றுவிடும். படுக்க முடிந்தது, நடக்க முடிந்தது. காலில் ஒரு கோளாறும் இல்லை என்ற டாக்டர், வேறு தேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களில் அன்றைக்கு இவர் பதினேழாவது ஆள் என்று மட்டும் சொன்னார். தையல்காரர் அந்தத் தெருவுக்கு வந்து முப்பத்தோரு வருடம். தெருவில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு அவர் தைத்ததுதான்.

காரணம் தெரிந்தவள் அவருடைய மகள் ஒருத்தியே. அவள் இங்கேயே பிறந்தவள், பண்பாட்டுத் துறையில் பிழை திருத்துகிறவள். குடியேறியவர்களைப் பற்றிய அத்தியாயத்தில் ‘வருக’ என்ற சொல் நாற்பத்திரண்டு இடத்தில் இருந்தது. அவற்றில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ‘வருக, அமர்க’ என்று இருந்தது. வாங்க என்று கூப்பிட்டவர்கள் உட்காரச் சொல்லாமலா போவார்கள், இது கூறியது கூறல் என்று ‘அமர்க’வைச் சிவப்பு மையால் அடித்தவள் அவள்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறாள் என்று பாராட்டும் கிடைத்தது.

“நான்தாம்ப்பா அடிச்சேன்” என்று அழுதாள்.

“விடும்மா. வெட்டுற வேலைய நின்னுக்கிட்டே பாத்துக்கறேன்.”

காலால் மிதிக்கும் தையல் மிஷினை நின்றபடி ஓட்ட முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

அதிகாரியிடம் போய் நின்றாள். “நாப்பத்திரண்டு தடவ வாங்கன்னு சொல்லியாச்சு, இன்னும் என்னம்மா வேணும்?” என்றார் அவர். அடுத்த பதிப்பு ஐந்து வருடம் கழித்துத்தான். அதற்குள் தையல்காரரின் கணுக்கால்கள் வீங்கின, மிஷின் துணி போர்த்திக்கொண்டது, பழைய வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்த்தார்கள்.

ஐந்தாம் வருடம் நிபுணர் குழு மனமிரங்கி எழுதியது: ‘நம் விருந்தினர்களும் அவர்தம் பிள்ளைகளும் அமர்க.’ விருந்தினர் என்ற சொல் வேண்டாம் என்று மகள் கெஞ்சிப் பார்த்தாள். மரியாதையான சொல்லாயிற்றே என்றார்கள். ஒரு சொல்லை அத்தனை சுலபமாக அடித்தவளுக்கு இன்னொன்றை அடிக்க அதிகாரம் இல்லாமல் போயிற்று.

புதிய பதிப்பு வந்த அன்றே தையல்காரர் மிஷினில் உட்கார்ந்துவிட்டார். முதல் வேலையாக மகளுக்கு ஒரு சட்டை. கை பழகவே இரண்டு நாள் ஆயிற்று. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழிதானே, சட்டமா என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். நான்காம் நாள் காலை, சட்டையில் ஒரு கை மட்டும் தைக்க மிச்சமிருந்தபோது, தையல்காரர் நான்கு விரல் உயரம் எழும்பினார். அதே நேரத்தில் அலுவலகத்தில் மகள் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

மிச்சக் கையை அவர் நின்றபடியே கையூசியால் தைத்து முடித்தார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவள் வேலைக்குப் போகிறாள். அவளுக்கு உயரமான மேசை ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் அவள் உள்ளே நுழையும்போது எல்லோரும் வாய் நிறைய “வாங்க, வாங்க” என்கிறார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள்.