ஒன்றாம் ஆண்டுக்கு ஒரே பிள்ளை

மலேசியாவில், கிள்ளான் நகரத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும் அந்தத் தமிழ்ப்பள்ளியில் மேல் வகுப்புகள் எல்லாம் சேர்த்துப் பதிமூன்று பேர். இந்த வருஷம் ஒன்றாம் ஆண்டுக்கு வந்தது ஒரே பிள்ளை, ஷாமினியின் மகள் தாமரை. அந்த ஒற்றைப் பிள்ளையை வரவேற்கப் பதினோரு பெரியவர்கள். மேளம், பேனர், ஆரத்தித் தட்டு, முழங்கால்வரை தொங்கும் மாலை. குழந்தைக்குக் கழுத்து வலிக்குமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஷாமினி கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறவள். மலாய்ப் பள்ளி பஸ் வீட்டு வாசலுக்கே வரும். அதில் ஏற்றிவிட்டிருந்தால் பாடு தீர்ந்திருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பழனியப்பன் மூன்று முறை வீடு தேடி வந்தார். பிள்ளை தனியாக எப்படி உட்காரும் என்று அவள் தயங்கியபோது, "என் பேரன் கிஷனும் இங்கதாம்மா. ரெண்டும் ஒண்ணா உக்காரும் லா," என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னார். அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாள்.

வகுப்பில் தலைமையாசிரியை வள்ளியம்மா இரண்டு மேசை போட்டு வைத்திருந்தார். பாவம், அவரும் நம்பியிருக்கிறார்.

"அங்கிள், கிஷன் எங்க?" என்று கேட்டாள் ஷாமினி.

பழனியப்பன் குரலைத் தாழ்த்தினார். "மருமக சீனப் பள்ளியில போட்டுட்டாம்மா. பிள்ளையோட பியூச்சர் பாக்கணும்ல. நான் என்ன செய்ய?"

"எம்மகளுக்கு பியூச்சர் வேணாமா அங்கிள்?"

பழனியப்பன் அவளை விட்டுத் திரும்பிக்கொண்டார். பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கியதும் மனுஷன் சிரித்த முகமாக மைக்கைப் பிடித்தார். தமிழ் நம் உயிர், தமிழ்ப்பள்ளி நம் கடமை என்று முழங்கினார். கொஞ்சமும் நாக்குக் கூசவில்லை. கடமையெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

தாமரை அம்மாவின் கையை இழுத்தாள். "ரீசஸ்ல நான் யாரோட விளையாடறதும்மா?"

"இந்த ஆண்டு நம் மாணவர் எண்ணிக்கை பதினான்கு," என்றார் பழனியப்பன். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஷாமினி நேரே போய் மைக்கைப் பிடுங்கினாள். "பதிமூணு. எம்மக பேர அடிச்சிடுங்க. உங்க பேரன் பேர எழுதுற அன்னிக்கு இவ பேரையும் எழுதிக்கலாம்."

மேளம்கூட நின்றுவிட்டது. வள்ளியம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் ஷாமினி அவர் பக்கம் திரும்பினாள். "உங்க மேல கோவம் இல்ல டீச்சர்," என்றாள். மாலையைக் கழற்றிப் பழனியப்பன் கையில் திணித்துவிட்டு, மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றினாள்.

அவர் பின்னாலேயே ஓடி வந்தார். "ஒரு தமிழச்சி செய்யற காரியமாம்மா இது?"

"உங்க மருமககிட்ட கேளுங்க அங்கிள்," என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பினாள்.