மீராமுகைதீனின் பெட்டிக் கடல்

1

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் பிறந்தது. கடலோரக் கதைகள் அலையோசையில்தான் பிறக்கும் என்று நம்புகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். சண்டை முடிந்த வருடம், கல்முனையில் எனக்கு மச்சான் முறையான மீராமுகைதீனின் வீட்டுக்குள் நுழைந்தேன், மூக்கைப் பொத்தினேன். விறாந்தையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு குடம் தண்ணீர்தான் கொள்ளும். மேலே நீல விளக்கு, உள்ளே குட்டி மோட்டர்.

“பழுக்குது மச்சான்,” என்றார். “தண்ணி பழுத்தாத்தான் கடல்மீன் விடலாம்.”

கட்டாரில் ஓர் அரபியின் மீன்தொட்டியைத் துடைத்து வந்தவர். துடைத்தவருக்கெல்லாம் தொட்டி வைக்கத் தெரியும் என்றால், வாசித்தவனெல்லாம் கதை எழுதலாம். (நான் எழுதுகிறேனே என்கிறீர்களா? பொறுங்கள், நாறும்.)

2

தொடக்க வரிகள் எழுதிப் பார்த்தேன்.

‘அன்று கடல் ஒரு தாயைப் போல—’ சீ.

‘றுகையாவின் கண்களில் இரண்டு சமுத்திரங்கள்—’ இதை எழுதிய கையை முறிக்க வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு வந்த இலவசப் படகுகளை விட, வந்த கதைகள் அதிகம். இரண்டும் ஒழுகின.

ஆகவே நேராகச் சொல்கிறேன். றுகையா மீராமுகைதீனின் மனைவி. கடல் வந்த காலையில் அவர் கட்டாரில். அவள் இங்கே, மகள் ஜெஸீலாவின் கையைப் பிடித்திருந்தாள். கை நழுவியது. அடக்கம் செய்ய மையித்தும் கிடைக்கவில்லை.

கடல் வீட்டுக் கிணற்றுக்குள்ளும் பூந்தது. இறைத்துத் துப்புரவாக்க வந்தவர்களை றுகையா திருப்பி அனுப்பினாள். “என்ட புள்ளையக் கொண்டுபோன தண்ணி. கிடக்கட்டும்.” குடிக்க, குளிக்க, சமைக்கக் குழாய்த் தண்ணீர் வந்தது. கிணறு அவள் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு எடுக்க மட்டும். ஒளுவில் வாய் கொப்பளிக்க வேண்டுமே. ஐந்து வேளையும் அந்த உப்பு அவள் நாக்கில் பட்டது.

3

தொட்டிக்குக் கடல்தண்ணீர் வேண்டும். வீதிக்கு அங்கால் கடல்.

“அந்தக் கடல்ல ஒரு சொட்டும் இந்த வாசப்படி தாண்டக்கூடா,” என்றாள் றுகையா. “முழுக் கடலும் முன்னால கிடக்கு. பெட்டிக்குள்ளயும் ஒண்டு வேணுமா ஒங்களுக்கு?”

“அப்ப கிணத்துல அள்ளுறன். அதுவும் கடல்தானே.”

அவள் உள்ளே போய்விட்டாள்.

அள்ளி ஊற்றினார். மணல் போட்டார். பவளப்பாறையில் உடைத்த முருகைக்கல் இரண்டு வாங்கி வைத்தார். துளைக்குத் துளை புழுவும் பூச்சியும் குடியிருக்கிற உயிருள்ள கல். குடியிருந்ததெல்லாம் செத்து நாறியது. அதைத்தான் ‘பழுக்குது’ என்றார் அந்த மகராசன்.

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: அவர் தண்ணீரை நக்கிப் பார்க்கமாட்டாரா என்று விமர்சகர் ஒருவர் கேட்பார். மாட்டார். அவர் ஒளு எடுப்பது பள்ளிவாசலில். ஊரே ‘கடல் பூந்த கிணறு’ என்று சொல்லும்போது எவர் நக்குவார்? ஐயா விமர்சகரே, ஊர் சொன்ன எதை நீங்கள் நக்கிப் பார்த்தீர்கள்?)

4

றுகையாவுக்குத் தெரியும். ஒவ்வொரு மாரி மழையும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கொண்டு போனது. போன மாரியோடு கிணறு நல்ல தண்ணீராகிவிட்டது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் ஊர் வந்து குடித்துப் பார்த்து, ‘அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் பழையபடி’ என்று சொல்லும். அந்தச் சொல்லுக்குத்தான் அவள் பயந்தாள்.

(இந்த இடத்தில் என் குரல் தழுதழுக்கிறது. வெட்ட வேண்டும். வெட்ட— சரி, கிடக்கட்டும்.)

5

கல்குடாவிலிருந்து பொலித்தீன் பையில் மீன் வந்தது. சோதனைச் சாவடியில் சிப்பாய் பையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தானாம். குண்டு இல்லை, செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட, விரல் நீள மீன். மீராமுகைதீன் பிஸ்மி சொல்லித் தொட்டிக்குள் விட்டார். சற்று நேரத்தில் அது ஒருபக்கம் சரிந்து, மேலே வந்து வாயைப் பிளந்தது.

“றுகையா, இதுக்கு என்ன நடந்த? கிணத்துத் தண்ணி உப்புத்தானே? செல்லு புள்ள.”

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள், அவர் வாளியோடு கடலுக்கு ஓடுகிறார், மீன் பிழைக்கிறது, இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். போட்டிக்கு அனுப்பலாம், பரிசு நிச்சயம்.

முடிவு இரண்டு: “ஓம், உப்புத்தான்” என்கிறாள். மீன் சாகிறது, கிணறு கடலாகவே இருக்கிறது. இதை இலக்கியம் என்பார்கள்.

முடிவு மூன்று: அவளே வாளியை எடுத்துக்கொண்டு கடலை நோக்கி— இல்லை. அவளை அங்கே அனுப்ப நான் யார்?

ஆகவே உங்கள் தலையில் கட்டுகிறேன். சோம்பேறி என்று திட்டுங்கள், பரவாயில்லை. மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. மீராமுகைதீன் அவள் முகத்தையே பார்த்தபடி நிற்கிறார். அவளுக்காக ஒரு சொல் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் பின்வாசலால் கிணற்றடிக்குப் போங்கள். ஒரு கை அள்ளி, அவள் இத்தனை வருடமும் செய்தது போல வாய் கொப்பளியுங்கள். அதன் பிறகும் வாய் வந்தால் சொல்லுங்கள்.