சாப் பக்கம், மேம்சாப் பக்கம்

பூவராகவன் முப்பத்தாறு வருஷம் மத்திய சர்க்காரில் நோட் எழுதியே ரிடையர் ஆனவர். அவர் எழுதிய நோட்டுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று எந்த அதிகாரியும் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. அப்படி இரண்டு அர்த்தம் வந்த ஒரே நோட், ரிடையரான பிறகு ஒரு லாரி மெக்கானிக்குக்கு எழுதிக் கொடுத்தது. அதுவும் இரண்டே வரி.

2004-ஆம் வருஷம் சர்க்கார் ஏலம் ஒன்றில் பழைய டீசல் வண்டி வந்தது. கிராமம் கிராமமாகப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் காட்டிய வண்டி. மினி பஸ்ஸைவிடக் கொஞ்சம் பெரியது. பூவராகவன் அதை எடுத்து, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, திரை போட்ட மூலையில் கழிவறை எல்லாம் வைத்து, ஓடும் வீடாக மாற்றினார். எத்தனை கோட் பெயின்ட் அடித்தும் பக்கவாட்டிலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் மட்டும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. டெல்லி கிட்வாய் நகர் பார்க் ஓரமாக வண்டி வந்து நின்ற அன்று, எதிர் பிளாட் வேதாந்தம், "இந்த வயசுல இந்த வண்டி எதுக்குங்காணும்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு போனார்.

வண்டியை ஓட்ட அவரும் மனைவி பட்டுவும் சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள். நாலு மாசம், விடியற்காலையில், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் திட்டத் திட்ட. டெஸ்ட் அன்று வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். நட்டு வைத்திருந்த நாலு கம்பத்தையும் பூவராகவன் வரிசையாகச் சாய்த்தார். "பஸ், அங்கிள்ஜி, பஸ்" என்று, போதும் போதுமென இன்ஸ்பெக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். பட்டு முதல் தடவையிலேயே பாஸ். அவள் நாலடி பத்தங்குலம். லோதி ரோடு ஆபீஸ் ஒன்றில் ஸ்டெனோவாகச் சேர்ந்தவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி. குவார்ட்டர்ஸும் அவள் பேரில்தான். இப்போது லைசென்ஸும் அவள் பேரில் வந்துவிட்டது. பூவராகவன் பெருந்தன்மையாகக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய வற்றல் குழம்பு பட்டுவின் குழம்பைவிட ஒரு படி மேல் என்பது சொந்தக்காரர்கள் அறிந்த விஷயம்தான்.

முதல் பயணம் முசோரிக்கு என்று தீர்மானமாயிற்று. மலை என்றால் அந்த வண்டியில் ஒரு சங்கடம் இருந்தது. அதில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒன்று உண்டு. புகைக்குழாயை ஒரு தகடு வந்து அடைக்கும். புகை வெளியே போக முடியாமல் இன்ஜின் மூச்சு முட்டும். வண்டி தானாக வேகம் குறையும். இறக்கத்தில் சாதாரண பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. ஆனால் அதை இயக்குகிற பொத்தான் தரையில் இருந்தது. இடது குதிகாலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டு அதை மிதிக்கப் போனால் ஸீட்டிலிருந்து சறுக்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே காணாமல் போனாள்.

"ஏன்னா, இதைக் கையால போடற ஸ்விட்சா மாத்திடுங்கோ. இல்லேன்னா மலைல நான் ரோட்டைப் பாக்கறதா, பொத்தானைத் தேடறதா?"

வாடகை டிரைவர் ஒருவரை வைத்துக்கொண்டு பூவராகவன் வண்டியை லாரிப் பட்டறைகள் நிறைந்த டிரான்ஸ்போர்ட் நகருக்குக் கொண்டுபோனார். அங்கே உஸ்தாத் தர்லோக் சிங் என்றால் லாரிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். உஸ்தாத் வண்டிக்கு அடியில் படுத்து, பார்த்து, எழுந்து, தாடியைத் தட்டிவிட்டுக்கொண்டு, புது வால்வு வைத்து ஸ்விட்ச் இழுத்துவிடலாம் என்றார். கூடவே அடுப்புக்கு மேலே புகை போக்கும் ஃபேன் ஒன்றும் மாட்ட வேண்டும் என்றார் பூவராகவன்.

"ரெண்டும் எக்ஸாஸ்ட்தானே சாப்? எந்த ஸ்விட்ச் எங்கே? எழுதிக் கொடுத்துடுங்க" என்றார் உஸ்தாத், ஹிந்தியில்.

பூவராகவன் பேனாவைத் திறந்தார். வண்டி ஓட்டுவது என் பெண்டாட்டி, சமைப்பது நான் என்று அந்த ஆஜானுபாகுவான சர்தார்ஜியிடம் சொல்ல ஏனோ அவருக்கு நா எழவில்லை. எழுதவும் கை வரவில்லை. ஆகவே கௌரவமாக ஹிந்தியில் இப்படி எழுதினார்:

'எக்ஸாஸ்ட் பிரேக் ஸ்விட்ச் – மேம்சாப் பக்கம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்ச் – சாப் பக்கம்.'

உஸ்தாத் அதைப் படித்தார். ஒரு தடவை நிமிர்ந்து பூவராகவன் முகத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார். "பக்கா, சாப்?"

"பக்கா."

ஒரு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் பளபளவென்று ஒரு ஸ்விட்ச். அடுப்புக்கு மேலே அதே மாதிரி இன்னொன்று. பட்டு லோதி ரோடு பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். மேம்பாலத்தில் இறங்கும்போது ஸ்விட்சைப் போட்டாள். பின்னாலிருந்து 'உய்ய்ய்' என்று பெரிய சத்தம் கேட்டது.

"அச்சா பிரேக்குன்னா! என்ன சத்தம் பாருங்கோ!" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். வேகம் குறைந்ததா என்று கேட்க இருவருக்குமே தோன்றவில்லை. மேம்பாலமும் அதற்குள் முடிந்துவிட்டது.

அக்டோபரில் பட்டு பத்து நாள் லீவு போட்டாள். கிளம்பினார்கள். கதௌலி தாண்டி நல்ல சமதளமான ரோடு. பூவராகவன் ரசத்துக்குத் தாளித்தார். மிளகாய் நெடி கிளம்பியது. அடுப்புக்கு மேலிருந்த ஸ்விட்சைத் தட்டினார். ஃபேன் அசையவில்லை. வண்டிதான் அசைந்தது. தொண்டையில் முள் சிக்கியவன் மாதிரி இன்ஜின் கரகரத்து, இருமி, மூச்சடைத்து நின்றே போகும் போல ஆயிற்று. பட்டு பதறி வண்டியை ஓரங்கட்டினாள். பூவராகவன் சர்க்கார் பழக்கப்படி அடுப்பையும் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

வழியோர மெக்கானிக் ஒருவன் வந்து டீசல் ஃபில்டரைக் கழற்றி, வாயால் ஊதி, மாட்டினான். ஸ்டார்ட் செய்தால் வண்டி தங்கம் மாதிரி ஓடியது. "கைராசிக்காரன்" என்றாள் பட்டு.

"ஃபேனும் சுத்தலை பட்டு."

"ஜன்னலைத் திறந்துக்கோங்கோ. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

அவர் அப்புறம் அந்த ஸ்விட்ச் பக்கமே போகவில்லை. வண்டியும் இருமவில்லை. அந்த மெக்கானிக்கின் புகழை முசோரி போய்ச் சேரும்வரை இருவரும் பாடினார்கள்.

முசோரியில் மூன்று நாள் குளிரக் குளிர இருந்துவிட்டு, நாலாம் நாள் காலை பத்து மணிக்கு இறங்க ஆரம்பித்தார்கள். மலையில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது பட்டுவின் உத்தரவு. பூவராகவன் பின்னால் படுக்கையில் உட்கார்ந்து, சாம்பார் பாத்திரத்தை மடியில் இடுக்கிக்கொண்டிருந்தார். பட்டு இரண்டாவது கியரில் போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக் ஸ்விட்சைத் தட்டினாள்.

அடுப்புக்கு மேலே ஃபேன் 'உய்ய்ய்' என்று சுற்ற ஆரம்பித்தது.

பூவராகவன் அண்ணாந்து பார்த்தார். 'அட, தானே சரியாயிடுத்தே!' என்று நினைத்தார். வண்டி வளைவில் திரும்பியது. இன்னொரு வளைவு. போகிற வேகம் கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டது. ரப்பர் கருகுகிற வாடை வந்தது.

"ஏன்னா! எக்ஸாஸ்ட் வேலை செய்யலை!" என்று முன்னாலிருந்து பட்டு கத்தினாள்.

"நன்னா வேலை செய்யறதே!"

"செய்யலைங்கறேன்!"

"கண்ணால பாக்கறேன் பட்டு, ஜோரா சுத்தறது!"

"என்ன சுத்தறது? பிரேக் பெடல் உள்ள போறதுன்னா! பிடிக்கவே மாட்டேங்கறது!"

இடது பக்கம் மலை. வலது பக்கம் ஆகாசம். இந்த ஆரவாரத்தில் ஃபேன் வேறு எதற்கு என்று பூவராகவன் பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்து, அதை அணைப்பதற்காக மேலிருந்த ஸ்விட்சைத் தட்டினார்.

ஃபேன் நிற்கவில்லை. வண்டி உறுமியது. யாரோ பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் அப்படியே அடங்கியது. சாம்பார் மட்டும் அடங்காமல் முன்பக்கம் ஓடி பட்டுவின் ஸீட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

"பிடிச்சுடுத்து! என்ன பண்ணினேள்?"

பூவராகவன் ஸ்விட்சைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். கண்முன் அந்த இரண்டு வரி வந்து நின்றது. மேம்சாப் பக்கம். சாப் பக்கம். உலகத்தில் எந்த சர்தார்ஜியானாலும் மேம்சாப் எங்கே நிற்பாள் என்று நினைப்பான்?

"பட்டு, உன்னோட பிரேக் இங்க இருக்கு. அடுப்பாண்ட."

பட்டு வண்டியை அடுத்த வளைவில் ஒடித்துத் திருப்பினாள். அப்புறம் சொன்னாள்: "அங்கேயே நில்லுங்கோ. நான் சொன்னப்போ போடணும், சொன்னப்போ எடுக்கணும்."

நிறுத்த இடமில்லாத ரோடு. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. ஒரு கையால் படுக்கைக் கம்பியைக் கட்டிக்கொண்டு, மறு கையை ஸ்விட்சில் வைத்து நின்றார் பூவராகவன்.

"போடுங்கோ!" போட்டார். "எடுங்கோ!" எடுத்தார். "போடுங்கோ!"

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு பஸ் முளைத்தது. 'போடுங்கோ' என்று முழுசாகச் சொல்ல நேரமில்லை.

"போடு!"

போட்டார்.

"எடு!"

எடுத்தார்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு மலை அடிவாரம் வரைக்கும் 'ங்கோ' திரும்பி வரவேயில்லை. "போடு! ம்ம், எடு! போடு, போடு, ஜல்தி!" பூவராகவனுக்கு முதலில் காது சுட்டது. அப்புறம் கை தானாகவே பேச்சுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது. அவள் தோள் அசைவதைப் பார்த்தே வளைவு வருவது தெரிந்தது. கடைசி வளைவுகளில் அவள் வாய் திறப்பதற்குள் போட்டார், எடுத்தார். மடியிலிருந்த சாம்பாரும் மனசிலிருந்த பயமும் போன இடம் தெரியவில்லை. செக்ஷனில் பதினெட்டுப் பேரை வைத்து வேலை வாங்கிய காலத்தில்கூட இப்படியொரு குஷி அவருக்கு இருந்ததில்லை.

சமதளம் வந்ததும் பட்டு ஒரு மாமர நிழலில் வண்டியை நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். சாம்பாரில் நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள்.

"ஏன்னா, காப்பி போடறேளா?"

மரியாதை திரும்பி வந்துவிட்டது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, நோட் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். ஏன் அப்படி எழுதினார் என்பதையும் சொன்னார். பட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, புரையேறி, கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

"நான் ஓட்டறேன்னு சொல்ல வெக்கமா? உஸ்தாத்கிட்ட நானே வந்து சொல்றேன்."

டேராடூனில் எலக்ட்ரீஷியன் ஒருவர் முக்கால் மணியில் கம்பிகளை இடம் மாற்றிக் கொடுத்தார். டெல்லி திரும்பிய மறுநாளே பட்டு வண்டியை டிரான்ஸ்போர்ட் நகருக்கு ஓட்டிப் போனாள். பூவராகவன் பக்கத்து ஸீட்டில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் ஸ்பானரைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் ஒரே மூச்சில் வண்டியைப் பின்னால் எடுத்து, இரண்டு லாரிகளுக்கு நடுவே செருகி நிறுத்திவிட்டு இறங்கினாள்.

உஸ்தாத் நோட்டுத்தாளைத் தேடி எடுத்து வந்தார். படித்தார். பட்டுவைப் பார்த்தார், பூவராகவனைப் பார்த்தார். தலைப்பாகையில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்தது, பெஹன்ஜி. சமையல்கட்டில் எதுக்கு பிரேக்குன்னு. அப்புறம் நினைச்சேன், சாப் ஓட்டற லட்சணம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பிரேக்கை உங்க கையில வெச்சுக்கறீங்கன்னு. புத்திசாலி அம்மான்னு பட்டறையில எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"அதுவும் சரிதான்" என்றாள் பட்டு.

உஸ்தாத் ரோஷத்தோடு வேலையில் இறங்கினார். ஸ்விட்சைப் போட்டு வைத்தால் போதும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எக்ஸாஸ்ட் பிரேக் தானே பிடிக்கும், மறுபடி மிதித்தால் தானே விடும் என்று ஏற்பாடு செய்தார். கிளட்சை மிதித்தாலும் விட்டுவிடும். ஸீட்டையும் நாலு அங்குலம் உயர்த்தினார். வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டத்துக்குத் தன் மனைவி சுரிந்தர் கௌரையும் அழைத்துவந்திருந்தார். அந்த அம்மாள் கேட்காமலேயே பட்டுவுக்குப் பக்கத்து ஸீட்டில் ஏறிக்கொண்டாள். ஆண்கள் இருவரும் பின்னால், படுக்கையில்.

ரிங் ரோடு மேம்பாலத்தில் இறங்கும்போது பட்டு காலை எடுத்தாள். இன்ஜின் செருமிக்கொண்டு வேகத்தைத் தானே குறைத்தது. "வாஹ்!" என்றார் உஸ்தாத், தன் வேலையில் தானே மயங்கி. முன்னால் சுரிந்தர் கௌர் பட்டுவின் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். பட்டு நாலு விரலைக் காட்டி, "நாலே மாசம்" என்றாள். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை உஸ்தாத்திடமிருந்து போன் வந்தது. டிரைவிங் ஸ்கூல் விலாசம் வேண்டுமாம், வீட்டில் கேட்கிறார்களாம். குரலில் உற்சாகம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. பூவராகவன் விலாசத்தைச் சொல்லிவிட்டு, வற்றல் குழம்பு செய்யக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்றார்.