அடி விழுந்தால் படம் வரும்

உமாதேவிக்கு அடி விழுந்தால்தான் அந்த வீட்டு டிவியில் படம் வரும். குச்சனூர் வாய்க்காலை ஒட்டிய அந்தத் தெருவில் இதை யாரும் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்வதுபோல வெளியூர்க்காரர்களிடமும் சொன்னார்கள். டிவி அவளுக்குத் தாய்வீட்டுச் சீர், பின்பக்கம் புடைத்த பழைய பெட்டி. அவள் புருஷன் வேல்பாண்டி மினி லாரியில் வாழைத்தார் ஏற்றிக் குமுளிக்கு ஓட்டுகிறவன். செல்லில் மேட்ச் பார்த்துக் கண் வலிக்கிறதென்று ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்று வாங்கி வந்தான். அதில் எச்.டி.எம்.ஐ ஓட்டை மட்டும். டிவியிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று. இரண்டையும் சேர்த்துவைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைக் கன்வெர்ட்டரும் வாங்கி ஒயர்களைச் செருகினான். திரை நீலமாகவே நின்றது. டிவியின் விலாவில் தட்டித் தட்டிப் பார்த்தான். “மஞ்சப் பின்னு சரியா ஏறலையோ என்னமோ” என்றாள் உமாதேவி. “எனக்கே சொல்லித் தர்றியா?” என்று கன்னத்தில் ஒன்று விட்டான். அவள் சுவரில் மோதித் திரும்பியபோது திரையில் மைதானம் தெரிந்தது, சாம்பல் நிறத்தில்.

அதற்கு முன்னும் அடிக்கிறவன்தான். இப்போது காரணம் தேடும் வேலை மிச்சமானது. கன்னத்தில் அறைந்தால் படம், முதுகில் மிதித்தால் சத்தம், உதடு கிழிந்தால் கலர் என்பது மழைக்காலம் முடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துபோனது. முதலில் ஓடிவந்து தடுத்தவள் பக்கத்து வீட்டு மொக்கம்மாள். “பாவி, பொம்பளப் பிள்ளைய இப்படியா போட்டு அடிப்ப?” என்று அழுதாள், மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாள். மறுவாரம் சீரியல் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். வேல்பாண்டி கையை ஓங்கும்போது எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். படம் வந்ததும் நிமிர்வார்கள். உமாதேவிக்கு அடியைவிட அந்த நிமிர்தல்தான் பொறுக்கவில்லை. வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பப் போகும்போது, திரையை மறைக்காமல் குனிந்து போகச் சொன்னார்கள்.

இறுதிப் போட்டி அன்று வேல்பாண்டி குமுளி மலைப்பாதையில் லாரியோடு மாட்டிக்கொண்டான். வீடு நிறைய ஆட்கள். திரை நீலமாக இருந்தது. டாஸ் போட்டிருப்பார்கள் என்று யாரோ முனகினார்கள். மொக்கம்மாள் எழுந்து வந்து உமாதேவியின் முகவாயைப் பிடித்தாள். “ஆத்தா, கோவிச்சுக்கிடாத. அம்புட்டுச் சனமும் காத்துக் கெடக்காக. வலிக்காமத்தான் அடிப்பேன்.”

வலிக்காத அடிக்குப் படம் வரவில்லை. இரண்டாவதை ஓங்கி அடித்தாள். பிறகு ஆளுக்கொன்றாக அடித்தார்கள்; மாறி மாறி, சண்டை சச்சரவில்லாமல். கடைசி ஓவரில் கலர் மங்கியபோது ஒருவன் விறகுக்கட்டையை எடுத்தான், அவள் இடது மணிக்கட்டு முறிந்தது. ஜெயித்துவிட்டார்கள். தெருவில் சரவெடி வெடித்தது.

மறுநாள் காலையில் உமாதேவி கையைத் துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு, கன்வெர்ட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினாள். பஜாரில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த ஜோயல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “யாருக்கா இத மாட்டுனது? இது பழசுல இருந்து புதுசுக்குப் போற பெட்டி. உங்களுக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரு. ரெண்டும் பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். இதுல படம் வரவே வராது.”

“எங்க வீட்டுல வருது தம்பி.”

ஜோயல் அவள் கையைப் பார்த்தான், வீங்கிய கண்ணைப் பார்த்தான். சரியான பெட்டியை எடுத்துக் கொடுத்தான்.

ஒற்றைக் கையால் பின்கள் ஏறவில்லை. பல்லால் கடித்துச் செருகினாள். யாரையும் யாரும் அடிக்காமலே படம் வந்தது, கலரோடு, சத்தத்தோடு. வேல்பாண்டி மலையிறங்கி வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். “என்னடி செஞ்ச?” என்று கேட்டு வாய் மூடுவதற்குள், படத்துக்காக முதன்முதலில் அவளுக்குக் கொடுத்த அறை அவன் கன்னத்தில் விழுந்தது. அடித்த கையைக் காணோம். அவனும் சுவரில் போய் மோதினான். அடுத்து மிதி. அன்று அவனுக்கு மூன்று பல் போனது. மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில், சீரியல் பார்த்தவர்களுக்கும் விழ ஆரம்பித்தது. எந்த அடியில் வந்த படத்தை யார் பார்த்தார்களோ அந்த அடி அவர்களுக்கு, வரிசை மாறாமல். டிவியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்கள். அடி நிற்கவில்லை.

உமாதேவி ஒரு பையோடு போடிக்குப் போய் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்தாள். கை கொஞ்சம் கோணலாகக் கூடியது. மொக்கம்மாள் ஒருமுறை தேடி வந்து, “ஆத்தா, இன்னும் எம்புட்டு இருக்கு?” என்று கேட்டாள். “நான் எண்ணலக்கா” என்று சொல்லிவிட்டு அவள் முறத்தில் புடைக்கத் தொடங்கினாள்.

இப்போதும் அந்தத் தெருவில் விளக்கு வைக்கும் நேரம் நெருங்கினால் பெண்கள் கொதிக்கும் சட்டியை இறக்கி வைப்பார்கள். ஆண்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாடத்தில் வைப்பார்கள். அந்த டிவியைப் பார்த்திராத பிள்ளைகள் வெளியே விளையாடுவார்கள். எல்லோரும் வாங்கி முடித்த பிறகு வாய் கொப்பளித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள்.